"விளங்குதா?" என்று கேட்பதற்குப் பதிலாக

வாசகர் கேள்வி:

"நான் ஒரு தகுதிகாண் விரிவுரையாளர். வேலையில் சேர்ந்து ஒன்றரை வருடம். முதலாம் வருட மாணவர் 140 பேருக்கு அடிப்படைப் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறேன். ஒரு விரிவுரைக்கு 60 ஸ்லைட் வரை செய்கிறேன், செய்து முடிக்க இரவு ஒரு மணியாகும். 'விளங்குதா?' என்று கேட்டால் 'ஓம் மிஸ்' என்கிறார்கள். இடைப்பரீட்சையில் பாதிப் பேருக்கு 40 புள்ளிகூட இல்லை. பயிற்சி நெறியில் சொல்லித் தந்தபடி குழுக் கலந்துரையாடல் வைத்துப் பார்த்தேன். 'மிஸ் படிப்பிக்கிறதில்லை, எங்களையே படிக்கச் சொல்லுறா' என்று பின்னூட்டப் படிவத்தில் எழுதிவிட்டார்கள். துறையில் மூத்தவர் ஒருவர், 'இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சரிவரும். எங்கட பிள்ளைகளுக்கு நோட்ஸ் குடுத்தாத்தான் பாஸ் பண்ணும்' என்கிறார். அவர் சொல்வதுதான் சரியா சேர்? ஆங்கிலத்தில் வாய் திறக்கவே பயப்படும் பிள்ளைகளிடம் எப்படிப் பதில் வாங்குவது? பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர் என்று பிரித்துப் படிப்பிக்கவும் வேண்டுமாமே?"
— களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்பின் தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தில் 40 புள்ளியை விட அந்த 'ஓம் மிஸ்'தான் என்னை நிறுத்தியது. அந்தப் பதிலை நானும் பல வருடம் நம்பியிருந்தேன்.

நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் என் விரிவுரை நல்ல விரிவுரை என்று பேர் இருந்தது. பலகையில் வடிவாக எழுதுவேன், ஒழுங்காக விளக்குவேன், நேரத்துக்கு முடிப்பேன். அப்போது படுவான்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பொடியன் என் வகுப்பில் இருந்தான். அவனுடைய கொப்பியைப் பார்த்தால் ஆசை வரும். சூத்திரத்துக்குச் சிவப்பு, வரைவிலக்கணத்துக்கு நீலம், உதாரணத்துக்குக் கறுப்பு. ஒருநாள் செய்முறை வகுப்பில் ஐந்து வயல்களின் விளைச்சலைக் கொடுத்திருந்தேன்: ஏக்கருக்கு 18, 20, 22, 24, 26 மூடை. நியம விலகல் (எண்கள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்று காட்டும் அளவு) 3.2 என்று சரியாகக் கணித்திருந்தான். "சரி, இந்த 3.2 என்ன சொல்லுது?" என்று கேட்டேன். கொப்பியைப் புரட்டிச் சூத்திரத்தைக் காட்டினான். "அது சரி, இந்த வயல்களைப் பற்றி என்ன சொல்லுது?" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். "சேர், பேப்பருக்கு வந்தா எழுதுவன்" என்றான்.

அவன் சோம்பேறி இல்லை. மூன்று கிழமைக்கு முன்னர் அதே விசயத்தைப் படம் கீறி விளக்கியபோது முன்வரிசையில் இருந்து தலையாட்டியவன். அந்தத் தலையாட்டல் பொய்யுமில்லை. அந்த நேரம் அவனுக்கு விளங்கித்தான் இருந்தது. ஆனால் ஒருவர் விளக்கும்போது விளங்குவது வேறு, மூன்று கிழமை கழித்து உதவியில்லாமல் தன் மனதிலிருந்து எடுத்துச் சொல்வது வேறு. நான் முதலாவதைப் பார்த்து இரண்டாவது நடந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் 140 பேரும் 'ஓம் மிஸ்' என்று சொல்வதும் இந்த முதலாவதைப் பற்றித்தான்.

இதைத் துல்லியமாகக் காட்டிய ஒரு பரிசோதனை 2006இல் வெளிவந்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் செய்தது. மாணவர்கள் சிறு பந்திகளை வாசித்தார்கள். பிறகு ஒரு பந்தியை அப்படியே திரும்ப வாசித்தார்கள். இன்னொரு பந்திக்குத் தாளை மூடி வைத்துவிட்டு நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்ப வாசித்ததே மேல்: 81 வீதத்துக்கு எதிராக 75. ஆனால் ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்ததில் 42 வீதம்தான் மிஞ்சியது, மூடி வைத்து எழுதியதில் 56 வீதம் நின்றது. எழுதியவர்களுக்கு எது சரி எது பிழை என்று யாரும் சொல்லவுமில்லை. நினைவிலிருந்து இழுத்து எடுத்ததே அவ்வளவு வேலை செய்திருக்கிறது.

உங்கள் 60 ஸ்லைட்டை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். நீங்கள் இரவு ஒரு மணி வரை இருந்து செய்வது, பிள்ளைகள் பார்ப்பதற்கும் பிறகு திரும்ப வாசிப்பதற்கும் உரிய பொருள். ஐந்து நிமிடத்துக்கு அது மிக நல்லது. இடைப்பரீட்சை ஆறு கிழமைக்குப் பிறகல்லவா வருகிறது?

சரி, உங்கள் மூத்தவர் சொன்னதற்கு வருவோம். அவரைக் குறைவாக நினைக்க வேண்டாம். பிள்ளைகள் பாஸ் பண்ண வேண்டும் என்ற அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் சான்று அவர் பக்கம் இல்லை. ஃப்ரீமன் என்பவரும் கூட்டாளிகளும் 2014இல் 225 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். எல்லாம் விஞ்ஞானம், பொறியியல், கணிதப் பாடங்கள், எல்லாம் பட்டப்படிப்பு வகுப்புகள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 வீதம் பேர் தவறினார்கள். மாணவர் ஏதாவது செய்யவும் சொல்லவும் வேண்டியிருந்த வகுப்புகளில் அது 21.8 வீதம். 140 பேர் வகுப்பில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய 17 பிள்ளைகள்.

அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத்தான் சரிவரும் என்பதற்கும் பதில் இருக்கிறது. 2020இல் தியோபோல்ட் என்பவரும் மற்றவர்களும், அமெரிக்காவில் வறிய குடும்பத்துப் பிள்ளைகளையும், இந்தத் துறைகளுக்கு வழமையாகக் குறைவாக வரும் சமூகத்துப் பிள்ளைகளையும் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான வித்தியாசம் இப்படிப்பட்ட வகுப்புகளில் குறைந்திருந்தது. நோட்ஸை வைத்துத் தானாகவே படித்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளை எந்த வகுப்பிலும் தப்பிவிடும். வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் வந்த பிள்ளைக்குத்தான் படிக்கும் வேலை வகுப்புக்குள்ளேயே, உங்கள் கண்முன்னே நடக்க வேண்டியிருக்கிறது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கும் ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கும் வருகிற பிள்ளைகளில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும்.

அங்கே இல்லாத சில சங்கடங்கள் இங்கே இருக்கின்றன என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். மொழி ஒன்று. வாய் திறந்தால் பேட்ச்சில் 'ஷோ காட்டுறான்' என்று பேர் வாங்க வேண்டி வருமோ என்ற பயம் இன்னொன்று. பிழையாகச் சொன்னால் வரும் வெட்கம். இவை மூளையின் குறை இல்லை, வகுப்பறையின் நிலைமை. அதற்கேற்ப முறையைத் திருத்தலாம், கைவிட வேண்டியதில்லை.

இப்போது உங்கள் குழுக் கலந்துரையாடல் ஏன் சரிவரவில்லை என்று பார்ப்போம். கடிதத்தில் நீங்கள் விபரம் எழுதவில்லை. நான் பார்த்த வகுப்புகளை வைத்துச் சொல்கிறேன், பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். பத்துப் பேர் ஒரு குழு. 'நம்பிக்கை ஆயிடை (confidence interval) பற்றிக் கலந்துரையாடி ஒரு சார்ட் செய்யுங்கள்' என்று ஒரு வேலை. கையெழுத்து வடிவான பிள்ளை சார்ட் எழுதும். ஆங்கிலம் தெரிந்த பிள்ளை முன்னுக்கு வந்து வாசிக்கும். மற்ற எட்டுப் பேரும் போனைப் பார்ப்பார்கள். அந்த வேலையில் பிழைவிட இடமே இல்லை. புத்தகத்தில் இருப்பது சார்ட்டுக்குப் போகிறது, அவ்வளவுதான். கடைசியில் மணி அடித்துவிடும், 'இது சரி, இது பிழை' என்று நீங்கள் சொல்ல நேரம் இருக்காது. இப்படி நடந்திருந்தால் 'மிஸ் படிப்பிக்கிறதில்லை' என்று பிள்ளைகள் எழுதியதில் ஞாயம் இருக்கிறது.

புதிதாகப் படிக்கிறவர்களை நடுக்கடலில் விட்டு 'நீந்திக்கொள்ளுங்கள்' என்று சொல்லும்படி எந்த நல்ல ஆய்வும் சொல்லவில்லை. சொல்லப்போனால், சுவெல்லர், கூப்பர் என்ற ஆய்வாளர்கள் 1985இலேயே அட்சரகணிதத்தில் காட்டியது இதற்கு மறுபக்கம்: தொடக்க நிலையில் இருப்பவருக்கு முழுமையாகச் செய்துகாட்டிய கணக்கைப் படித்துவிட்டுப் பிறகு அதேபோல ஒன்றைச் செய்வது, வெறும் கணக்குகளை அள்ளிக் கொடுப்பதை விட உதவும். ஆகவே நீங்கள் விளக்கத்தான் வேண்டும். நீளமாகவும் இடைவிடாமலும் விளக்குவதைத்தான் வெட்ட வேண்டும்.

நான் இப்போது எப்படிச் செய்கிறேன் என்பதை ஒரே ஒரு கேள்வியை வைத்துக் காட்டுகிறேன். அந்தப் பொடியனின் ஐந்து வயல்கள்தான். நியம விலகல் என்றால் என்ன என்று பத்து, பன்னிரண்டு நிமிடம் விளக்கி, ஒரு கணக்கை முழுமையாகச் செய்து காட்டுவேன். பிறகு பலகையில் இதை எழுதுவேன்:

'ஒரு வட்டையில் ஐந்து வயல்கள், ஏக்கருக்கு 18, 20, 22, 24, 26 மூடை விளைந்தன. அடுத்த பெரும்போகத்தில் ஒவ்வொரு வயலிலும் சரியாக 5 மூடை கூடுதலாக விளைந்தது. நியம விலகல் என்ன ஆகும்? ஒன்று, கூடும். இரண்டு, குறையும். மூன்று, மாறாது. நான்கு, தந்த தரவு போதாது.'

கல்குலேட்டரைத் தொடக்கூடாது. யாரோடும் கதைக்கக்கூடாது. ஒரு நிமிடம். கொப்பியில் விடையின் இலக்கத்தை எழுத வேண்டும். எழுதச் சொல்வது முக்கியம், எழுதினால்தான் ஒரு பக்கம் நின்றாக வேண்டும். பிறகு 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று நான் எண்ணியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் அத்தனை விரலை நெஞ்சோடு சேர்த்துக் காட்டுவார்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது, முன்னால் நிற்கும் எனக்குத் தெரியும். இதற்குக் கருவி வேண்டாம், கரண்ட் வேண்டாம், மல்டிமீடியா வேலை செய்யவில்லை என்ற கவலை வேண்டாம்.

பெரும்பாலும் ஒற்றை விரல்தான் அதிகம் தெரியும். 'விளைச்சல் கூடினதுதானே, அதுவும் கூடும்' என்ற நினைப்பு. இந்த இடத்தில் சரியான விடையைச் சொல்லிவிட வேண்டும் போல் நாக்கு துறுதுறுக்கும். சொல்ல வேண்டாம். யார் சரி என்றும் காட்ட வேண்டாம். "பக்கத்தில் வேறு விடை எழுதின ஆளைத் தேடுங்க. ஏன் என்று சொல்லி அவரை உங்கட பக்கம் எடுங்க. இரண்டு நிமிசம்" என்று சொல்லிவிட்டு வாங்குகளுக்கு இடையில் நடவுங்கள். என்ன கதைக்கிறார்கள் என்று கேட்பது உங்கள் பாடத்துக்குப் பெரிய செல்வம். "எல்லா வயலும் ஒரே அளவு ஏறினா, ஒண்டுக்கொண்டு உள்ள தூரம் எப்பிடி மாறும்?" என்று ஒரு பிள்ளை கேட்டதை நான் பின்வரிசையில் நின்று கேட்டேன். நான் பன்னிரண்டு நிமிடம் சொன்னதை அந்தப் பிள்ளை ஒரு வரியில் சொல்லிவிட்டது. அந்த வரியை அடுத்த வருடத்திலிருந்து நானும் வகுப்பில் சொல்கிறேன்.

இரண்டு நிமிடம் முடிந்ததும் மறுபடி விரல். இப்போது மூன்று விரல் காட்டுகிறவர்கள் கூடியிருப்பார்கள். அதற்குப் பிறகு நீங்கள் விளக்குங்கள்: நடுவிலிருந்து உள்ள தூரங்கள் 4, 2, 0, 2, 4. முன்னரும் அதுதான், பின்னரும் அதுதான், ஆகவே 3.2 அப்படியே நிற்கும். உடனே அடுத்த கேள்வி: 5 மூடை கூடாமல் எல்லா வயலிலும் இரண்டு மடங்கு விளைந்திருந்தால்? இதில் தூரங்களும் இரட்டிக்கும், நியம விலகல் 6.3 ஆகும். முதல் கேள்வியில் தடுமாறிய பிள்ளைகள் இதைத் தாங்களாகவே பிடிப்பதைப் பார்க்க வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் செய்துவரும் முறை. அவரும் நல்ல விரிவுரையாளர் என்று பேர் எடுத்த பிறகுதான், தன் மாணவர்கள் கணக்குச் செய்கிறார்களே தவிர அடிப்படை விளங்கவில்லை என்று கண்டுகொண்டு மாறினார். முதல் வாக்கில் 30 முதல் 70 வீதம் பேர் சரியாகச் சொன்னால் கதைக்க விடலாம் என்பது அந்த முறையில் வழக்கம். அதற்குக் கீழே என்றால் நீங்கள் மறுபடி விளக்க வேண்டும், மேலே என்றால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம். 'தெரியாதவனும் தெரியாதவனும் கதைத்து என்ன வரப்போகிறது?' என்று உங்கள் மூத்தவர் கேட்கக்கூடும். கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பொன்றில் இதையே சோதித்து 2009இல் எழுதினார்கள். தொடக்கத்தில் குழுவில் ஒருவருக்கும் சரியான விடை தெரியாதிருந்தபோதும், கதைத்த பிறகு அதே வகைப் புதுக் கேள்வியில் அவர்கள் முன்னேறியிருந்தார்கள்.

ஒரு விரிவுரைக்கு இப்படி இரண்டு கேள்வி போதும். முழுக்க மாற்றாதீர்கள். இரண்டு நல்ல கேள்வி செய்வது 60 ஸ்லைட் செய்வதை விடக் கஷ்டம். ஆனால் ஒருமுறை செய்தால் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் பாவிக்கலாம். நல்ல கேள்வி எங்கே கிடைக்கும் என்றால், உங்கள் இடைப்பரீட்சை விடைத்தாள்களில்தான். எந்தப் பிழையை அதிகம் பேர் விட்டார்களோ அதையே ஒரு விடையாக வையுங்கள்.

மொழிக்கு வருவோம். உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை. இடை (mean), இடையம் (median), செவ்வன் பரம்பல் (normal distribution) என்று கேட்டுப் பழகிய காது. திடீரென்று எல்லாம் ஆங்கிலம். புதுக் கருத்தையும் புது மொழியையும் ஒன்றாகத் தலையில் ஏற்றினால் இரண்டில் ஒன்று விழத்தான் செய்யும். அந்த இரண்டு நிமிடமும் அவர்கள் தமிழிலேயே கதைக்கட்டும். சிங்களப் பிள்ளைகள் இருந்தால் சிங்களத்தில் கதைக்கட்டும். கலந்து இருக்கிற வாங்கில் எது வருகிறதோ அது. பிறகு, முடிந்த முடிவை ஆங்கிலத்தில் ஒரே வசனமாக எழுத வேண்டும். பரீட்சை ஆங்கிலத்தில்தான் என்பதால் அந்த ஒரு வசனத்தை விட்டுவிட முடியாது. முதல் மூன்று, நான்கு கிழமைக்கு அந்த வசனத்தின் பாதியை நீங்களே பலகையில் எழுதிக் கொடுங்கள், மீதியை அவர்கள் நிரப்பட்டும். விஞ்ஞானத்தைத் தமிழில் யோசிப்பது பின்தங்கிய வேலை என்று யாராவது முகம் சுளித்தால் பொருட்படுத்தாதீர்கள். இதே கரையில் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. அவர் விஞ்ஞானத்துக்கும் தமிழுக்கும் நடுவே சுவர் கட்டவில்லை.

வெட்கத்துக்கு மருந்து, தனி ஆளை எழுப்பிக் கேட்காமல் இருப்பது. 'நீ சொல்லு' என்றால் ஒரு பிள்ளை நடுங்கும், 139 பிள்ளைகள் தப்பித்தோம் என்று இருப்பார்கள். விரல் காட்டும்போது 140 பேரும் பதில் சொல்கிறார்கள், ஒருவரும் அவமானப்படுவதில்லை. ஆண்பிள்ளைகள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம் என்று இருந்தால் முதலில் அப்படியே விடுங்கள். பக்கத்தில் இருக்கிற ஆளோடு கதைத்தால் போதும், இடம் மாற்றி இருத்தி இன்னொரு சங்கடத்தைச் சேர்க்க வேண்டாம். வாய்மொழியாகக் கேட்க வேண்டி வந்தால், கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் 1970களில் பாடசாலை வகுப்புகளில் அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு செக்கன்தான் பொறுக்கிறார். அதை மூன்று செக்கனாக்கியதும் பதில்கள் நீண்டன, 'தெரியாது' குறைந்தது. இரண்டாவது மொழியில் யோசிக்கும் பிள்ளைக்கு மூன்றும் காணாது. நான் மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன், அல்லது தண்ணீர்ப் போத்தலை எடுத்து ஒரு மிடறு குடிப்பேன்.

பின்னூட்டப் படிவம் உங்களை நோகடித்திருக்கிறது, அது கடிதத்தில் தெரிகிறது. தகுதிகாண் காலத்தில் அந்தப் படிவத்துக்கு உள்ள பாரமும் எனக்குத் தெரியும். ஹாவர்டில் டெஸ்லோரியர்ஸ் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். பௌதிக மாணவர்களில் ஒரு பகுதியினருக்குத் திறமான விரிவுரை, மறு பகுதியினருக்கு அதே பாடம், அதே தாள்கள், ஆனால் கணக்கைத் தாங்களே செய்துபார்க்கும் வகுப்பு. சோதனையில் செய்துபார்த்தவர்கள் அதிகம் எடுத்தார்கள். ஆனால் 'எவ்வளவு படித்ததாக உணர்கிறீர்கள்?' என்று கேட்டபோது விரிவுரை கேட்டவர்களே அதிகம் படித்ததாகச் சொன்னார்கள். தடுமாறுவது படிக்காதது போலத் தெரிகிறது, வழுக்கிக்கொண்டு போகும் விரிவுரை படித்தது போலத் தெரிகிறது. உலகத்தில் தெரிந்தெடுத்த பிள்ளைகளே அப்படி ஏமாறும்போது உங்கள் முதலாம் வருடப் பிள்ளைகளைக் கோவித்து என்ன பயன்?

அந்த ஆய்வாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். செமஸ்டர் தொடக்கத்திலேயே இந்த ஏமாற்றத்தை மாணவருக்கு விளக்கிச் சொன்னார்கள், மனநிலை மாறியது. நீங்களும் சொல்லுங்கள். சொல்வதை விடச் செய்து காட்டலாம். இரண்டாம் கிழமையில் ஒரு பக்க வாசிப்பைக் கொடுத்து, பாதி வகுப்பு இரண்டு தரம் வாசிக்கட்டும், பாதி வகுப்பு ஒரு தரம் வாசித்துவிட்டு மூடி எழுதட்டும். அடுத்த கிழமை அறிவிக்காமல் பத்துக் கேள்வி கேளுங்கள். வந்த புள்ளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து இடையும் நியம விலகலும் காணச் சொல்லுங்கள். உங்கள் பாடத்துக்குத் தரவும் ஆயிற்று. எந்தப் பக்கம் வந்தாலும் அப்படியே காட்டுங்கள்.

"பாடத்திட்டம் முடியாதே" என்று நினைப்பீர்கள். முடியாதுதான். வகுப்பில் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. வரைவிலக்கணங்களையும் வரலாற்றையும் ரியூட்டில் (அச்சடித்துக் கொடுக்கும் குறிப்பில்) கொடுத்துவிடுங்கள், அதை வாசித்து வரத்தான் வேண்டும் என்று இருங்கள், ஸ்லைட்டைப் பாதியாகக் குறையுங்கள். வகுப்பு நேரத்தைப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்களுக்கு வையுங்கள்.

விரிவுரை முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது எல்லாக் கொப்பிகளையும் மூடச் சொல்லி, கால் பங்குத் தாளில் இரண்டு விசயம் எழுதி வாங்குங்கள்: இன்று படித்ததில் முக்கியமான ஒன்று, இன்னும் தெளியாத ஒன்று. பெயர் வேண்டாம். எந்த மொழியிலும் எழுதலாம். 140 தாளையும் எப்படி வாசிப்பது என்று பயப்பட வேண்டாம், மாதிரி எடுப்பதைப் படிப்பிக்கிறவர் அல்லவா நீங்கள்? கலைத்துவிட்டு 20 தாளை எழுமாறாக எடுங்கள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதே வாசித்துவிடலாம். அடுத்த வகுப்பை 'போன கிழமை நிறையப் பேர் இதைக் கேட்டிருந்தீங்க' என்று தொடங்குங்கள். தாங்கள் எழுதியது எங்கோ போய்ச் சேர்ந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால், 'மிஸ் படிப்பிக்கிறதில்லை' என்று எழுதக் கை வராது.

ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் மூன்று பழைய கேள்வி வையுங்கள்: ஒன்று போன விரிவுரையிலிருந்து, ஒன்று இரண்டு கிழமைக்கு முன்னரிலிருந்து, ஒன்று முதல் மாதத்திலிருந்து. புள்ளி போட வேண்டாம், அவர்களே திருத்தட்டும். நாள் இடைவெளி விட்டு நினைவுபடுத்துவது ஒரே மூச்சில் படிப்பதை விட நிற்கும் என்பது எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் உளவியலாளர் தன்னையே வைத்துச் சோதித்து 1885இல் வெளியிட்ட காலத்திலிருந்து திரும்பத் திரும்ப உறுதியான விசயம். மார்கழி மழையில் வெள்ளம் வந்து ஒரு கிழமை வகுப்பு நின்றுபோனாலும் இந்த மூன்று கேள்விதான் அறுந்த நூலை முடிந்துதரும். என் வகுப்பில் பல வருடம் அது நடந்திருக்கிறது.

பார்த்துப் படிப்பவர், கேட்டுப் படிப்பவர் என்று பிரிப்பதை விட்டுவிடுங்கள். பாஷ்லர் என்ற உளவியலாளரும் மற்ற மூவரும் 2008இல் அதற்கான சான்றுகளைத் தேடிப் பார்த்து, அப்படிப் பிரித்துப் படிப்பித்தால் பலன் உண்டு என்று சொல்லத்தக்க ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். செவ்வன் பரம்பலுக்குப் படம் வேண்டும், எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும். பயிற்சி நெறியில் அதைச் சொல்லித் தந்தவரோடு சண்டை பிடிக்கவும் தேவையில்லை. உங்கள் நேரத்தை அதில் செலவழிக்காமல் விட்டால் சரி.

கடைசியாக உங்கள் மூத்தவர். அவரோடு ஆய்வுகளைக் காட்டி வாதாடாதீர்கள். மேலே சொன்ன விரல் முறையை நான்கைந்து கிழமை செய்து உங்கள் கை பழகிய பிறகு, ஒரு நாள் வகுப்புக்கு வரும்படி அவரைக் கேளுங்கள். 'சேர், என்ன பிழை விடுறன் என்று பார்த்துச் சொல்லுங்க' என்று கேட்டால் மறுக்க மாட்டார். பின்வரிசையில், கொப்பி மட்டும் எழுதும் பொடியள் இருக்கும் இடத்தில் ஒரு கதிரை போட்டுக் கொடுங்கள். ஐந்து வயல் கேள்வியைப் போடுங்கள். அந்த இரண்டு நிமிடமும் அந்தப் பொடியள் என்ன கதைக்கிறார்கள் என்று அவர் காதால் கேட்கட்டும்.

அன்புடன்.